தேய்மானம் போக

பாதியம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. பட்டப்பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை.

முப்பத்தோரு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் சேதத்தை மதிப்பிட்டவள். கடை எரிந்தால், லாரி கவிழ்ந்தால், கிடங்கில் தண்ணீர் புகுந்தால் இவள் போவாள். சொல்லாமல் போவாள். சொல்லிவிட்டுப் போனால் ஆட்கள் அழுவதற்குத் தயாராகிவிடுவார்கள் என்பது அவள் கொள்கை. போய், ஒரு சுற்று சுற்றி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அவர்கள் எழுதிக் கொடுத்த சேதத்தில் பாதியை அடித்துவிட்டு வருவாள். அடிப்பதற்கு முறை இருந்தது. பொருள் பழசு என்றால் தேய்மானம் என்று கொஞ்சம் கழியும். முன்பே ஒரு கீறல் இருந்திருந்தால் அதற்குக் கொஞ்சம். உரிமையாளரின் கவனக்குறைவு என்று கடைசியாகக் கொஞ்சம். எப்படிக் கழித்தாலும் பாதிதான் மிஞ்சும். அது எப்படி என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. கை பழகிவிட்டது.

ஒரே ஒரு மாவு மில்காரர் அவளைக் குழப்பியிருக்கிறார். மில் எரிந்த மூன்றாம் நாள் போனாள். அவர் கொடுத்த பட்டியலில் ஒரு திருகாணி கூட அதிகம் இல்லை. வாசலில் நின்றபடியே பக்கம் பக்கமாகத் தேடினாள். பொய் ஒன்றும் அகப்படவில்லை. அதனால் அவளுக்குச் சந்தேகம் இன்னும் வலுத்தது.

"நான் கூட்டிச் சொல்லலைம்மா" என்றார் அவர்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று பாதியை அடித்தாள்.

அவள் கணவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். ஒரு மழையில் ஸ்டூடியோ முழங்கால் அளவு தண்ணீரில் நின்றபோதுதான் அவளை முதலில் பார்த்தார். அவருக்கும் பாதிதான் கிடைத்தது. "மீதிப் பாதிக்கு ஈடா அவளே வந்துட்டா" என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். முப்பது வருடமாக அவள் சிரித்ததில்லை.

அவளுக்கு மார்பில் வந்த புற்றுநோய் ஆபரேஷனோடு போய்விட்டது என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அது இடது இடுப்பெலும்பில் போய் உட்கார்ந்திருந்தது. பத்து நாள் கதிர்வீச்சு கொடுத்தால் எலும்பு உடையாமல் காப்பாற்றலாம், கால் தன் காலாக இருக்கும் என்றார் டாக்டர். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. பாதியம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள். எலும்பு ஒருநாள் முறியும். அப்புறம் படுக்கைதான்.

கதிர்வீச்சு அறையில் ஒரு மேஜை. மெத்தை கிடையாது, பலகைக்குக் கொஞ்சம் மேல். அதில் மல்லாந்து படுத்து, கால்களை நீட்டி, பன்னிரண்டு நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். இடுப்பில் மையால் போட்ட புள்ளிகள் ஒரு விரல்கடை நகர்ந்தாலும் டெக்னீஷியன் இயந்திரத்தை நிறுத்திவிடுவான். எல்லாரும் வெளியே போய்க் கனமான கதவைச் சாத்திக்கொண்டு, டி.வி.யில் அவளைப் பார்ப்பார்கள். உள்ளே அவளும் இடுப்பும் மட்டும்.

கதிர்வீச்சு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே வலி நர்ஸ் அவளைக் கூப்பிட்டு ஒரு குறிப்பேடு கொடுத்தாள். வலி நர்ஸ் என்றால் வலி கொடுப்பவள் இல்லை. ஆஸ்பத்திரியில் வலிக்கென்றே தனியாக ஓர் அறை இருந்தது, அந்த அறைக்காரி. குறிப்பேட்டின் அட்டையில் வரிசையாகப் பதினொரு மூஞ்சிகள். பூஜ்யம் சிரித்துக்கொண்டிருந்தது. போகப் போக வாய் வளைந்து, பத்தாவது மூஞ்சி கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது.

"தினம் நாலு வேளை எழுதணும்மா. வலி இல்லைன்னா பூஜ்யம். இதுக்கு மேல தாங்க முடியாதுன்னா பத்து. இதைப் பார்த்துத்தான் மருந்தையே முடிவு பண்ணுவோம்."

பாதியம்மா பத்தாவது மூஞ்சியைக் கூர்ந்து பார்த்தாள்.

"இது நடிக்குது" என்றாள்.

"என்னம்மா?"

"கண்ணு அழுவுது. புருவத்தைப் பாருங்க சிஸ்டர், சும்மா இருக்கு. நிஜமா அழறவங்களுக்கு முதல்ல புருவம்தான் கோணிப் போகும்."

வலி நர்ஸுக்கு அன்றைக்கு இன்னும் பதினெட்டுப் பேர் காத்திருந்தார்கள். சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

அன்று மாலையிலிருந்து பாதியம்மா எழுதத் தொடங்கினாள். வேலை என்று வந்துவிட்டால் அவள் வேலையை ஏமாற்ற மாட்டாள். காலையில் எழுந்து கால் தரையில் பட்டதும் இடுப்பிலிருந்து முழங்கால் வரை யாரோ கம்பியைக் காய்ச்சி இழுத்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு திரும்பியதும் மதிப்பிட்டாள். எட்டு. பேனாவை எடுத்தாள். எட்டு என்பது வலி கேட்பது. வலி கேட்பதையெல்லாம் கொடுத்துவிட முடியுமா? அறுபத்து மூன்று வருடத்து இடுப்பு, தேய்மானம் இரண்டு. பத்து வருடமாகவே முழங்கால் வலி உண்டு. முன்பே இருந்த சேதம், ஒன்று. முந்தாநாள் சொல்லச் சொல்லக் கேட்காமல் வாளியைத் தூக்கினாள், கவனக்குறைவு, ஒன்று. மிச்சம் நான்கு.

நான்கு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். கையெழுத்து யாரும் கேட்கவில்லை.

மாத்திரை விஷயத்திலும் அதே நியாயம்தான். நேரம் தவறாமல் போடச் சொல்லிக் கொடுத்த மாத்திரைகள். அவள் வலி வந்த பிறகு ஒரு மணி நேரம் காத்திருப்பாள். நிஜமான வலியா, சும்மா வந்து கேட்கிற வலியா என்று தெரிய வேண்டாமா? ஒரு மணி நேரம் கழித்தும் அது நின்றால், சரி, ஒரு மாத்திரை. இரண்டு என்றுதான் சீட்டில் எழுதியிருந்தது.

கணவர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டார்.

"காலையில கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னியே, அதுக்கு நாலா?"

"கழிச்சது போக நாலு."

"என்னத்தைக் கழிச்சே?"

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாது."

"நான் கூடவே இருந்து பார்க்கிறவன்டி. நான் சொல்றேன் சிஸ்டர்கிட்ட."

"வீட்டு ஆள் சாட்சி செல்லாது" என்று நோட்டை மூடிவிட்டாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது வலி நர்ஸ் குறிப்பேட்டைப் புரட்டினாள். நான்கு, மூன்று, மூன்று, நான்கு. "நல்ல கட்டுப்பாட்டுல இருக்கும்மா. இதே மாத்திரை போதும்" என்று பச்சை மையில் ஒரு டிக் போட்டாள். டிக் வாங்கிய குறிப்பேட்டைப் பாதியம்மா பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

முதல் நான்கு நாள் மேஜையில் துண்டின் மூலையைப் பல்லில் கடித்துக்கொண்டு பன்னிரண்டு நிமிடத்தைத் தள்ளினாள். ஐந்தாம் முறை படுத்தபோது ஏழாவது நிமிடத்தில் இடுப்பு தானாக நகர்ந்தது. இயந்திரம் நின்றது. மறுநாள், வெள்ளிக்கிழமை, நான்காவது நிமிடத்திலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அன்று மாலை டாக்டர் கூப்பிட்டார்.

டாக்டர் குறிப்பேட்டைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், கடைசியாக நேரம் இருந்ததால் அவளையும் பார்த்தார்.

"வலி நாலுதான் இருக்கு. நாலுக்கு யாரும் மேஜையை விட்டு எழுந்திருக்க மாட்டாங்க. இது பயம்."

பாதியம்மா தலையாட்டினாள். காகிதத்தில் இருப்பதை வைத்து அவர் எடுத்த முடிவில் ஒரு குறையும் இல்லை. அவள் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பாள்.

"நாளைக்கு ஒரு வகுப்பு இருக்கு. அட்டெண்ட் பண்ணுங்க. திங்கட்கிழமை இன்னொரு தடவை பார்ப்போம். அன்னிக்கும் அசைஞ்சீங்கன்னா நிறுத்திக்கலாம். இயந்திரத்துக்கு வரிசையில ஆள் நிக்கிறாங்க."

"நிறுத்தினா இடுப்பு?" என்றார் கணவர்.

டாக்டர் கைகழுவும் மருந்தை இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்துக்கொண்டார். பதில் அவ்வளவுதான்.

வகுப்பு சனிக்கிழமை, சாமான் அறைக்குப் பக்கத்து அறையில். நோயாளிகள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். நடு வயது, எப்போதும் புன்னகை. ஏழு பேரை வட்டமாக உட்கார வைத்தாள். இடுப்பு வலிக்காரர்களுக்கு அந்த நாற்காலியில் உட்காருவதே ஒரு பயிற்சி.

"கண்ணை மூடிக்குங்க. ஒரு தோட்டத்தை மனசுல கொண்டு வாங்க."

"எவ்வளவு பெரிய தோட்டம்?" என்றாள் பாதியம்மா.

"உங்க இஷ்டம்மா. மரம், செடி, சின்ன ஓடை. அதுல மெதுவா நடந்து போங்க."

பாதியம்மா நடந்து போனாள். சுற்றுச்சுவரில் விரிசல் இருந்தது. இரண்டு மரத்தில் பூச்சி அரித்திருந்தது. ஓடைக்குக் கரை கட்டவில்லை. மழை வந்தால் அத்தனையும் போய்விடும். எல்லாவற்றையும் மனதில் குறித்துக்கொண்டாள்.

"எப்படி இருந்துச்சு?" என்று வந்தது புன்னகை.

"முப்பது சதவீதம் சேதம்."

மற்ற ஆறு பேரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். அதில் லாரி டிரைவர் ஒருவர், தொண்டையில் குழாயோடு, சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தார்.

ஆனாலும் அந்தப் பெண் சொன்னதில் நல்லதும் இருந்தது. ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைக்கச் சொன்னாள். கதிர்வீச்சு படுகிற இடத்தில் வெந்நீர் ஒத்தடமோ தைலமோ கூடவே கூடாது என்றாள். கடைசியில் ஒரு கையேட்டைக் கொடுத்து, ஆளுக்கு ஒரு வரி சத்தமாகப் படிக்க வைத்தாள். பாதியம்மாவுக்கு வந்த வரி இது: "வலியை மறைக்காதீர்கள், கூட்டியும் சொல்லாதீர்கள்."

வீட்டுக்கு வந்ததும் அந்த வரியின் பின்பாதிக்கு அடியில் இரண்டு கோடு போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தார். கணவரின் அக்கா. உட்காரும்போதே "அம்மா" என்றார். அது தன் முழங்காலைப் பார்த்துச் சொன்னது. நாத்தனாரின் முழங்கால் இருபது வருடமாகப் பத்தில் இருக்கிறது. சிரிக்கும்போதும் பத்து, பலகாரத் தட்டை நீட்டும்போதும் பத்து.

"எனக்கு இருக்கிற வலிக்கு வேற யாராவதா இருந்தா படுத்த படுக்கைதான்" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது காபியைக் குடித்தார். பிறகு பையிலிருந்து ஒரு காந்த வளையலும் வெந்நீர்ப் பையும் எடுத்தார். "இதைக் கையில போட்டுக்க. இதை இடுப்புல வை."

"இடுப்புல வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க அண்ணி."

"அவங்க ஆயிரம் சொல்வாங்க. அடுத்தது வலிக்கு மார்பின்னு ஒரு மருந்து தருவாங்க பாரு, வாங்கிடாதே. எங்க சம்பந்தி வீட்டுல ஒருத்தருக்குக் குடுத்தாங்க. ஒரே மாசம்."

"ஒரே மாசத்துல என்ன அக்கா? வலி போயிடுச்சா?" என்றார் கணவர்.

"ஆளே போயிட்டார்டா!"

"மார்பினாலயா, வியாதியாலயா?"

"எனக்கென்ன தெரியும்? நான் சாவுக்குத்தான் போனேன்."

நாத்தனார் மாடிப்படியை மடமடவென்று இறங்கிப் போன பிறகு, கணவர் உள்ளே போய் ஒரு கோப்பைக் கொண்டு வந்தார். ஆபீசில் மிச்சமான பழைய கோப்பு. மேலே இன்சூரன்ஸ் இழப்பீட்டு விண்ணப்பப் படிவம் ஒன்று குத்தியிருந்தது. அந்தப் படிவங்கள் வீட்டில் ஒரு கட்டு இருந்தன. பின்பக்கத்தில் மளிகைப் பட்டியல் எழுதுவார்கள். இதில் முன்பக்கம் நிரப்பியிருந்தது.

"என்னங்க இது?"

"க்ளெய்ம் வந்திருக்கு. பார்த்துச் சொல்லு, ஆபீசரம்மா."

"நான் ரிட்டயர் ஆயிட்டேன்."

சொல்லிக்கொண்டே மூக்குக் கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

சேதமடைந்த பொருள்: இடுப்பு, இடது. வயது: அறுபத்து மூன்று. உரிமையாளர் பெயர் என்ற இடம் காலி. சாட்சி: பக்கத்திலேயே இருப்பவன். பாதியம்மா கணவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் தூசி இல்லை.

பக்கத்தைத் திருப்பினாள். போட்டோக்கள். போன் திரையில் காட்டுவதை அவள் எந்நாளும் ஏற்றதில்லை என்று அவருக்குத் தெரியும்; அச்சுப் போட்டு, எண் கொடுத்து, தாளில் ஒட்டியிருந்தார்.

முதல் படத்தில் ஒரு நாற்காலி. இடது பக்கம் மட்டும் மூன்று மெத்தை அடுக்கியிருந்தது. யாரோ ஒரு பக்கமாகவே உட்கார்ந்து நடு மெத்தை பிதுங்கியிருந்தது. இரண்டாவதில் கதவு நிலை. இடுப்பு உயரத்தில் பெயிண்ட் போய் மரம் தெரிந்தது, நான்கு விரல் அகலத்துக்கு. மூன்றாவது, சமையல் மேடையில் பாதி சாப்பிட்ட தட்டு; பக்கத்தில் நாற்காலி இல்லை. நின்றுகொண்டே சாப்பிடுகிற ஆள். நான்காவது, ஒரு துண்டின் மூலை. நூல் நூலாகப் பிரிந்து, பல் பதிந்திருந்தது.

அவள் துண்டுப் படத்தை விளக்கருகே கொண்டு போனாள்.

"தேதி?"

"பின்னாடி இருக்கு."

"ஆளுக்குத் தெரிஞ்சு எடுத்ததா?"

"தெரியாம. ஒரு வாரமா எடுக்கிறேன்."

"சொல்லாம எடுக்கிறது தப்பில்லையா?"

"சொன்னா நடிப்பாங்கன்னு நீதானே சொல்வே."

ஐந்தாவது படத்தில் ஒரு பெண் நாற்காலியில் உட்காரப் போய்க்கொண்டிருந்தாள். முழுதாக உட்காரவில்லை. ஒரு கை மேஜை விளிம்பில். வாய் மூடியிருந்தது, கண்ணில் தண்ணீர் இல்லை. புருவம் மட்டும் கோணிப் போயிருந்தது. நாற்பது வருடம் ஊர் முகங்களையெல்லாம் சிரிக்க வைத்தே எடுத்த மனிதர் எடுத்த படம். பாதியம்மா அதை வெகுநேரம் பார்த்தாள். தன் முகம் என்பதே முதலில் உறைக்கவில்லை. உறைத்த பிறகும் வேலையை நிறுத்தவில்லை.

"இதுக்கு இந்தம்மா எவ்வளவு எழுதியிருக்காங்க?"

"நாலு."

"பொய்."

"தேய்மானம் போக நாலாம்."

"ஆள் உடம்புக்கு எதுக்குங்க தேய்மானம்? லாரிக்குக் கழிக்கலாம், கட்டடத்துக்குக் கழிக்கலாம். ஆளுக்குக் கழிக்கக் கூடாதுன்னு ரூலே இருக்கு. எவ அந்த…"

அதோடு நின்றுவிட்டாள். கணவர் ஜன்னல் கம்பியைத் துடைப்பதை நிறுத்தினார். சிரிக்கவில்லை. அது அவருக்கு நல்லதாகப் போயிற்று.

அவள் பேனாவை எடுத்துக் குறிப்பேட்டில் அன்றைய மாலைக் கட்டத்தில் எட்டு என்று எழுதினாள். எழுதிய எட்டு அசிங்கமாக, மானங்கெட்டுத் தெரிந்தது. ஒன்று குறைக்கலாமா என்று கை தவித்தது. நோட்டை அவரிடமே கொடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை மேஜைக்குப் போகுமுன் கோப்போடு வலி நர்ஸ் அறைக்குப் போனார்கள். வலி நர்ஸ் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஐந்தாவது படத்தில் எழுந்து நின்றுவிட்டாள்.

"எட்டா? அப்போ இந்த ரெண்டு வாரமும் நாலு நாலுன்னு எழுதினது?"

"கழிச்சு எழுதினேன் சிஸ்டர்."

"வலியில என்னம்மா கழிவு?"

பாதியம்மா விளக்கினாள். தேய்மானம், முன்பே இருந்த சேதம், கவனக்குறைவு. வலி நர்ஸ் குறிப்பேட்டைத் திருப்பிப் புரட்டினாள். பிறகு தன் பச்சை டிக்கைப் பார்த்தாள். அவளுக்கும் கொஞ்சம் வெட்கமாக இருந்திருக்க வேண்டும். உடனே டாக்டருக்குப் போன் போட்டு, மேஜையை வியாழக்கிழமைக்குத் தள்ளி வைத்தாள். டாக்டர் ஏதோ வரிசை என்றார். "வரிசை இருக்கட்டும் டாக்டர், நீங்க வந்து இந்தப் படத்தைப் பாருங்க" என்றாள். டாக்டர் வந்து பார்த்தார். மருந்துச் சீட்டை எடுத்தார்.

"மார்பினா?" என்றாள் பாதியம்மா.

"மார்பின்தான். கடிகாரத்தைப் பார்த்துப் போடணும், வலியைப் பார்த்து இல்லை" என்றாள் வலி நர்ஸ். "நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு. வலி வந்து கேட்கட்டும்னு உட்கார்ந்திருந்தீங்கன்னா நான் வீட்டுக்கே வந்துடுவேன். நடுவுல மீறி வந்தா இந்தச் சின்ன டோஸ். மேஜைக்குப் போறதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடியும் அதுல ஒண்ணு. மலச்சிக்கல் கட்டாயம் வரும். அதுக்கு இந்த மருந்து, தினமும், வந்தப்புறம் இல்லை. ரெண்டு மூணு நாள் தூக்கமா இருக்கும். எழுப்பினா எழுந்திருக்கலைன்னா, மூச்சு ரொம்ப மெதுவாப் போச்சுன்னா, சார், உடனே எங்களைக் கூப்பிடணும்."

"பழக்கமாயிடும்னு அண்ணி சொல்றாங்க."

"வலிக்காக, சொன்ன அளவுல போட்டுக்கிறவங்களுக்கு அந்தப் பயம் ரொம்பக் குறைவு. வேண்டாம்னு ஆகும்போது நாங்களே படிப்படியாக் குறைப்போம். நீங்களா நிறுத்தாதீங்க. உங்க அண்ணி என்ன பண்றாங்க?"

"முழங்கால் வலியா இருக்காங்க" என்றார் கணவர்.

போகும்போது வலி நர்ஸ் நோயாளிக் கோப்பின் அட்டையில் சிவப்பு மையில் பெரிதாக ஏதோ எழுதினாள். பாதியம்மா தலைகீழாகவே படித்துவிட்டாள். அது அவள் தொழில். "இவர் சொல்லும் எண்ணை இரண்டால் பெருக்கவும்."

செவ்வாய் தூக்கம். புதனும் பாதி தூக்கம். வியாழன் காலை எழுந்து கால் தரையில் பட்டபோது அவள் வழக்கம்போல் கதவு நிலையைப் பிடித்தாள். கம்பியை யாரும் இழுக்கவில்லை. இருந்தது, ஆனால் அடுத்த அறையில் பேசுகிற மாதிரி இருந்தது. நன்றாக மதிப்பிட்டாள். கழிக்காமல், கூட்டாமல். மூன்று. கையை நிலையிலிருந்து எடுத்தாள். எடுத்தபோதுதான் மரம் எவ்வளவு வழவழப்பாகிவிட்டது என்று தெரிந்தது.

ஒன்பதே காலுக்குச் சின்ன டோஸ். பத்து மணிக்குக் கதிர்வீச்சு அறை வாசல். டெக்னீஷியன் கோப்போடு வந்தான்.

"இன்னிக்கு வலி எவ்வளவும்மா?"

"மூணு."

அவன் அட்டையைப் பார்த்தான். சிவப்பு மையைப் பார்த்தான். உதடு அசைந்தது.

"ஆறா? ஆறை வச்சுக்கிட்டு எப்படிம்மா பன்னிரண்டு நிமிஷம் படுப்பீங்க? இன்னிக்கு வேண்டாம். வலி நர்ஸைப் பார்த்துட்டு நாளைக்கு…"

"ஆறு இல்லைப்பா. மூணு."

"நீங்க அப்படித்தான் சொல்வீங்கன்னு எழுதியிருக்கு."

"அது போன வாரம். இப்போ நிஜமாவே மூணு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்கம்மா" என்றான் டெக்னீஷியன். பொல்லாதவன் இல்லை. வரிசையில் ஆறு பேர் இருந்தார்கள்.

பாதியம்மாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கணவரைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார். வீட்டு ஆள் சாட்சி செல்லாது என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார். அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். இருபது வருடத்துக்கு முன், கரியும் மாவும் கலந்து நனைந்து கிடந்த தரையில் நின்று ஒரு மனிதர் சொன்ன அதே குரலில். கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. களைப்புதான்.

"நான் குறைச்சுச் சொல்லலைப்பா."

டெக்னீஷியன் கோப்பின் முனையால் மோவாயைச் சொறிந்துகொண்டான். அன்று மாவு மில்காரர் நின்ற இடத்தில் இன்று அவளும், அவள் நின்ற இடத்தில் இந்தப் பையனும். அன்று அவள் என்ன செய்திருந்தால் சரியாக இருந்திருக்கும் என்று இவ்வளவு நாள் கழித்து அவளுக்குத் தெரிந்தது. உள்ளே போய்ப் பார்த்திருக்க வேண்டும். பட்டியலை அல்ல, மில்லை.

"படுத்துக் காட்டறேன்" என்றாள். "அசைஞ்சா நிறுத்து. அதுக்கு மேல நான் கேட்கவே மாட்டேன்."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். வழிவிட்டான்.

மேஜை அதே பலகைதான். மல்லாந்து படுத்தாள். முழங்காலுக்குக் கீழே ஒரு சின்னத் திண்டு கேட்டாள். வைக்கலாமா என்று பார்த்து வைத்தார்கள். இத்தனை நாளும் கேட்டிருந்தால் அப்போதும் வைத்திருப்பார்கள். துண்டை வெளியே கணவரிடமே விட்டுவிட்டாள். கதவைச் சாத்தினார்கள். இயந்திரம் முனகத் தொடங்கியது.

நான்காவது நிமிடம் போனது. ஏழாவது நிமிடத்தில் வலி வந்து எட்டிப் பார்த்தது. மூன்று; ஒருவேளை மூன்றரை. அரையைத் தள்ளிவிடலாமா என்று பழைய கை நீண்டது. தள்ளவில்லை. கண்ணை மூடினாள். தோட்டம் வந்தது. சுவரில் விரிசல் அப்படியே இருந்தது. இன்று அதை யாரும் குறிக்கவில்லை.

பன்னிரண்டு.

கதவு திறந்து டெக்னீஷியன் உள்ளே வந்தான். இடுப்பில் மைப்புள்ளிகளைப் பார்த்தான். ஒரு மயிரிழை நகரவில்லை.

"இப்போ எவ்வளவும்மா?"

"மூணரை."

அவன் எழுதினான். பாதியம்மா தலையைத் தூக்கி, மூக்குக் கண்ணாடி இல்லாமலே, என்ன எழுதினான் என்று பார்த்தாள். மூன்றரை. பெருக்கலும் இல்லை, கழித்தலும் இல்லை.

"அந்த அட்டையில சிவப்பு மையில இருக்கே" என்றாள் மேஜையிலிருந்து இறங்கிக்கொண்டே. "அதை அடிச்சுடு."

"சிஸ்டர்தான் அடிக்கணும்மா."

"சரி. அப்போ அதுக்குக் கீழே எழுது. நேர்ல பார்த்துச் சரிபார்க்கப்பட்டது. தேதி போடு. கையெழுத்துப் போடு."

டெக்னீஷியன் சிரித்துக்கொண்டே போட்டான். அவள் சிரிக்கவில்லை. மை காயும் வரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தபோது கணவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். "அக்காதான். முழங்கால் பத்தாம். உன்கிட்டதான் சொல்லணுமாம்."

பாதியம்மா போனை வாங்கினாள். இடது காலை அழுத்தி ஊன்றி நின்றுகொண்டு, முழுக் கதையையும் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் தொண்டையைச் செருமினாள்.

"சொல்லாம ஒருநாள் வந்து பார்க்கிறேன் அண்ணி" என்றாள்.